சல்லடையை அடைத்த நீலப் பசை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, சின்னவள் மூன்று பேரும் சுகம், நீயும் அங்கே உடம்பாலும் மனசாலும் சுகமாக இருக்கவேண்டும், எங்களுக்கு அது போதும். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா, சாப்ட்டேன்பா, அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாய், அதனால் உன் சுகத்தை உன் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன், பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. இதென்ன காகிதமும் பேனாவும் என்று ஆச்சரியப்படாதே, அம்மாவின் உத்தரவு. "போன்ல பேசுனா அரை நிமிஷத்துல கத்த ஆரம்பிச்சுடுவீங்க, பேனாவுக்குத் தொண்டை கிடையாது, எழுதுங்க" என்றாள். நேற்றே ஒன்று எழுதினேன். பழுது, காரணம், நடவடிக்கை என்று மூன்று தலைப்புப் போட்டு அரைப் பக்கத்தில் முடித்திருந்தேன். அம்மா படித்துவிட்டு "இது பொண்ணுக்கா, உங்க மேனேஜருக்கா" என்று கேட்டு, அதை நாலாக மடித்து, காற்றில் ஆடுகிற சமையலறை ஜன்னலுக்கு ஆப்பாகச் செருகிவிட்டாள். ஆகவே இது இரண்டாவது கடிதம்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னவளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று, கரும்பலகை இவ்வளவு நாளாக ஏன் மங்கலாக இருக்கிறது என்று அவள் பள்ளிக்கூடத்தின் மேல் சந்தேகப்பட்டிருக்கிறாள். உன் மேஜையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள், உன் நோட்டுகளை மட்டும் தொடுவதில்லை. போன வாரம் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம், நான்தான் போனேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "அப்பா வரலையா, அண்ணன அனுப்பிட்டாங்களா" என்று கேட்டார். இருபது வயதில் உனக்கு அப்பாவானவன் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா "நானும் கூட வந்திருந்தா என்னை யாருன்னு கேட்டிருப்பா அந்த டீச்சர்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள், பிறகு அவளே சிரித்தாள். எங்கள் நீரேற்று நிலையத்தில் மூன்றாம் நம்பர் பம்புக்குப் புது ஷாஃப்ட் வந்துவிட்டது, இரண்டு வாரமாக அதோடுதான் மல்லுக்கட்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. நம் பழைய கார் ஓடாமல் கிடந்ததால் இத்தனை மாதமும் தையல் யூனிட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள், நாள் முழுக்க வெட்டும் மேஜையில் நின்றுவிட்டு திரும்பும்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், சரி, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது, வண்டியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

அந்த வண்டி விஷயமாகத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் நான் ஒருமுறை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஐந்து மாதமாக அதை எல்லோரிடமும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். நீ ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது, எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது மாதிரி சத்தம் கேட்டது, நீ ஓரம் கட்டி அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாய். நான் பைக்கில் வந்து சேர்ந்தபோதே கொதித்துக்கொண்டுதான் வந்தேன். எவ்வளவு நேரமாக எரிந்தது என்று கேட்டேன். "எரிஞ்ச உடனே நிறுத்திட்டேன்பா" என்றாய். உடனே நிறுத்தியிருந்தால் பேரிங் எப்படி அடிக்கும், எனக்கே பாடம் நடத்துகிறாயா, பொய் சொல்லாதே என்று கத்தினேன். பின்னால் நின்ற லாரிக்காரர்கூட ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். உள்ளே இருந்த அம்மா "உடனே நிறுத்திட்டா, நான் பாத்தேன்" என்று சொன்னதற்கு, நீ உன் பெண்ணைத்தானே பார்ப்பாய் என்று அவளையும் அடக்கினேன். இனிமேல் எந்த வண்டி ஸ்டியரிங்கையும் தொடாதே, உனக்கெல்லாம் ஓட்ட வராது என்று சொன்னது கடைசியில். நீ சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துப் பாலத்தில் நடந்து இறங்கினாய். அந்தப் பத்து நாளும் நீ வீட்டில் இருந்தாய், நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நீ பஸ் ஏறும்போதுகூட பையைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றுதான் சொன்னேன்.

பிறகு வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. பதினாறு வயது எஸ்யூவிக்கு எஞ்சின் வேலை பார்ப்பதென்றால் வண்டியின் விலையைவிட வேலையின் விலை அதிகம் என்பது எனக்கும் தெரியும். உன் மாமா வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இரும்புக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க மாப்ளே" என்றார். ஆனால் வேறு பழைய வண்டி வாங்கினால் அதன் எஞ்சினுக்குள் எவன் என்ன செய்து வைத்திருக்கிறானோ, இதன் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்பதாவது எனக்குத் தெரியும் என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிற ஒரு பட்டறை இருக்கிறது, புருஷன் பில் போடுவார், எஞ்சின் வேலையெல்லாம் அந்த அம்மாதான், எல்லோரும் வால்வு அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கெட்டிக்காரி, ஆனால் ஆமை வேகம். ஒரு போல்ட்டைக் கழற்றினால் துடைத்து, பார்த்து, வரிசையாக வைத்து, அதற்குப் பிறகுதான் அடுத்த போல்ட். நான் கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டிலேயே நின்றேன். அவர் எழுந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் வாசலில் போட்டு "இன்ஜினியர், நீங்க மூச்சு விடுற சத்தத்துல எனக்கு எண்ணிக்கை தப்புது, அங்க போய் விடுங்க" என்றார். மதியம் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பை இறக்கினார். உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும், உனக்குத் தெரியும். அது முழுக்க நீல நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது, மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி, புழுப்புழுவாக. அக்கா அதை ஸ்க்ரூடிரைவர் முனையில் தூக்கிக் காட்டி "எந்த அறிவாளி பண்ணின வேலை இது? கேக்குக்கு கிரீம் வைக்கிற மாதிரி பசையைப் பிதுக்கிருக்கான். ஆயில் எப்படி மேல ஏறும்? அவன மட்டும் என் கண்ணுல காட்டுங்க, ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலக்கா, முன்னாடி எவனாவது மெக்கானிக் பண்ணிருப்பான்" என்றேன்.

அந்த அறிவாளி நான்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சம்ப் ஓரத்தில் ஆயில் கசிந்தபோது, பட்டறைக்காரனுக்கு என்ன தெரியும் என்று நானே வாசலில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தேன், நீதான் டிரேயைப் பிடித்தாய். வேலைக்குப் போட்டது எங்கள் நிலையத்தில் பெரிய பம்புகளுக்குப் போடுகிற நீலப் பசை, வெளியே எங்கும் அந்த நிறம் கிடைக்காது. பம்பில் இரண்டு பாகம் சேரும் விளிம்பு ஒரு சாண் அகலம், பசையைத் தாராளமாகப் போட்டாலும் அங்கேயே தங்கிவிடும், மிஞ்சினதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். இந்த சம்ப்பின் விளிம்பு ஒரு விரல் அகலம். மிஞ்சினதெல்லாம் உள்பக்கம் பிதுங்கி, சூடான ஆயிலில் ஊறி, இழை இழையாகக் கழன்று சல்லடையில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவன் என்றால் கடையில் கொடுத்த பேக்கிங் தாளை இடையில் வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டு எழுந்திருப்பான், வண்டியும் நன்றாக ஓடியிருக்கும். இது படித்தவனால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அன்றைக்கு நீ "இவ்ளோ போடணுமாப்பா" என்று கேட்டாய், அதுவும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்சமாகப் போட்டால் ஒழுகும், டிரேயை நேராகப் பிடி என்றேன். அதற்கு ஒரு வருஷம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டக்டக் என்று ஒரு சத்தம் வருகிறது என்று இரண்டு தடவை சொன்னாய். பழைய வண்டி என்றால் பேசத்தான் செய்யும் என்றேன்.

இரண்டு நாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து "ரெண்டு நாளா எதுக்குமே கத்தல, உடம்பு சரியில்லையா" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன், இரண்டும் இல்லை. உள்ளே போய் அவளுடைய பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். மாதம் ஒன்றாக ஐந்து வரவு, ஐந்தும் நீ அனுப்பியது. "எஞ்சினுக்குன்னு அனுப்பிட்டு இருக்கா, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கா, இதுக்கு மேல என்னால முடியாது" என்றாள். நீ செய்யாத தப்புக்கு உன் முதல் சம்பளத்திலிருந்து தண்டம் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். அது முடிவதற்குள் அடுத்ததையும் சொன்னாள். உன் மண் பரிசோதனைக் கூடத்தின் அதிகாரி அம்மா உன்னைக் கூப்பிட்டு, வெளிப்பிரிவுக்கு எடுக்கிறேன், ஜீப்பை நீயே ஓட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் மண் எடுத்துவர வேண்டும் என்று சொன்னாராம். அதற்கு நீ "எனக்கு ஓட்ட வராது மேடம்" என்றாயாம். அவர் நம்பாமல், பதினைந்தாம் தேதிவரை யோசித்துச் சொல், அதற்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றாராம். நாலு சுவருக்குள் உட்கார்ந்து புட்டிகளுக்கு லேபிள் ஒட்டவா நீ அந்தப் படிப்பைத் தேடிப் பிடித்துப் படித்தாய்? பதினெட்டு வயதில் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினவள், நம் சந்தில் என்னைவிடச் சுத்தமாக ரிவர்ஸ் எடுக்கிறவள். அம்மா யூனிட்டுக்குக் கிளம்பிப் போன பிறகும் நான் அந்தப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேலைக்கு அரை நாள் லீவு சொன்னேன், பதினெட்டு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் நான் போட்ட முதல் லீவு.

நேராகப் பட்டறைக்குப் போய் வால்வு அக்காவிடம், அந்தப் பசையைப் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தெரியும் இன்ஜினியர், உங்க பைக் பெட்டியில நீலக் குழாய் எட்டிப் பாத்துட்டுதான் இருக்கு. நீங்களா வாயத் தொறக்குறீங்களான்னு பாத்தேன், மூணு நாள் ஆயிருக்கு, பரவால்ல" என்றார். பிறகு நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன், விளக்கு எரிந்த பிறகு எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்று. அவர் பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றின பேரிங் ஓடுகளை வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தேய்மானம், அது மாதக்கணக்கில் ஆயில் பற்றாமல் தேய்ந்தது, ஒரே ஒன்றுதான் அன்றைக்கு அடித்தது. "விளக்கு எரியுறது கடைசிக் கட்டம். நோய் எப்பவோ வந்தாச்சு, அன்னிக்குத்தான் காய்ச்சல் தெரிஞ்சிருக்கு. கிராங்க்கப் பாருங்க, நகம் மாட்டுற அளவுக்கு ஒரு கீறல், அவ்ளோதான். இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டியிருந்தா ராடு எஞ்சின ஒடச்சிட்டு வெளிய வந்திருக்கும், நீங்க என்கிட்ட வந்திருக்க மாட்டீங்க, இரும்புக் கடைக்குத்தான் போயிருப்பீங்க. யாரு ஓட்டினது?" என்றார். என் பொண்ணு என்றேன். "அந்தப் பொண்ணாலதான் இன்னிக்கு இது எஞ்சினா இருக்கு, அப்பனால இல்ல" என்றார். நான் குனிந்து, பேரிங்குகளுக்குள் சுழலும் அந்தக் கிராங்க் தண்டின் கீறலில் என் நகத்தால் மூன்று தடவை தேய்த்துப் பார்த்தேன். நீ வாயால் சொன்னதை நம்புவதற்கு எனக்கு ஒரு கிராங்க் தேவைப்பட்டிருக்கிறது. வேறு எதைவிடவும் எனக்கு வெட்கமாக இருப்பது இதுதான்.

வேலை முடிந்துவிட்டது. கிராங்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து, புது பேரிங் செட், புது ஆயில் பம்ப், மொத்தப் பேக்கிங்கும் மாற்றி, என் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பைக்கை விற்றுவிட்டேன், மீதிக்கு ஓவர்டைம் இருக்கிறது. நீ பதறாதே, தப்பு என்னுடையது, பைக்கும் என்னுடையது, கணக்கு நேர். சம்ப்பை மாட்டும்போது அக்கா என்னைக் கிட்டவே விடவில்லை. சனிக்கிழமை ஸ்டார்ட் செய்தோம், விளக்கு எரிந்து ஒரு நொடியில் அணைந்தது, சத்தம் சுத்தம். அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதலில் மேம்பாலத்துக்கு விடுங்கள் என்றாள். அவள் கை காட்டின இடத்தில் ஓரம் கட்டினேன். விளக்கு எரிந்தபோது வண்டி எந்தக் கம்பத்துக்கு நேராக இருந்தது என்று கேட்டேன், விளம்பரப் பலகைக்கு முன்னால் இருக்கிற வளைந்த கம்பம் என்றாள், உறுதியாகச் சொன்னாள். நான் இறங்கி அந்தக் கம்பத்திலிருந்து நீ நிறுத்தின இடம்வரை அடி எடுத்து வைத்து எண்ணினேன். முப்பத்தொரு அடி எடுத்து வைத்தேன். உள்ளே இருந்து அம்மா "போலீஸ்காரர் வந்தா என்ன பதில் சொல்லுவீங்க, ஏறுங்க" என்று சத்தம் போட்டாள். ஏற்றத்தில், பின்னால் லாரி வர, கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு ஓரம் கட்ட அதற்கும் குறைவான தூரத்தில் யாராலும் முடியாது. நான் ஓட்டியிருந்தால் இது என்ன விளக்கு, ஒயர் லூசா என்று தட்டிப் பார்த்துக்கொண்டே பாலத்தைத் தாண்டியிருப்பேன். எஞ்சினும் போயிருக்கும், அம்மாவையும் நடுரோட்டில் நிறுத்தியிருப்பேன்.

ஆகவே கேள். நீ அன்றைக்குச் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். உனக்கு ஓட்ட வராது என்பது உன் வார்த்தை இல்லை, என் வாயிலிருந்து விழுந்தது, நீ அதை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இனிமேல் அது உன்னிடம் இருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு. இந்த வார்த்தையை அம்மா சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, நானே எழுதினேன். நீ அனுப்பிய பணம் முழுவதையும் நேற்று அம்மா உன் கணக்கிலேயே போட்டுவிட்டாள், திருப்பி அனுப்பினால் நானும் திருப்பி அனுப்புவேன், பேங்க்குக்காரர்களுக்குத்தான் வேலை. அதில் கணுக்கால் மறைகிற மாதிரி ஒரு நல்ல ஷூ வாங்கிக்கொள், பண்ணை வரப்பில் செருப்போடு நடக்காதே. வெளிப்பிரிவு வேலை உனக்கே பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஆனால் வராது என்று மட்டும் சொல்லாதே. அந்த ஜீப்பைக் கையில் கொடுத்தால் முதல் வாரம் தினமும் காலையில் ஆயில் அளவு பார், டயர் பார், உனக்கு முன்னால் ஓட்டினவர்கள் எதுவும் சொன்னால் கேட்டுக்கொள், சத்தம் ஏதாவது வித்தியாசமாக இருந்தால் நின்று கேள், உன் காது நல்ல காது. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் இறங்காதே. சின்னவள் உன்னை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னாள், அம்மா தனியாகப் போனில் பேசுவாள்.

நீ எங்கே போனாலும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல வழியாக அமையட்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும்.

ஞாபகமாக, பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை. காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் அந்த அதிகாரி அம்மாவின் அறைக்குப் போ. விளக்கம் எதுவும் தரவேண்டாம், என் கதையையெல்லாம் சொல்லவேண்டாம். எனக்கு வண்டி ஓட்ட வரும் என்று சொல், நாலே வார்த்தை.

இப்படிக்கு,
உன்னைத் தப்பாக நினைத்த,
உன் அப்பா